சோம்பலா, அவதானக் குறைபாடா?



அவதானம் என்னும் சொல்லை நம் முன்னோர் மிக உயர்ந்த பொருளில் வழங்கி வந்தனர். ஒரே வேளையில் எட்டுப் பொருள்களிலே கருத்தைச் செலுத்த வல்லாரை அட்டாவதானி என்றும், நூறு பொருள்களிலே செலுத்த வல்லாரைச் சதாவதானி என்றும் போற்றினர். யாழ்ப்பாணத்து மேலைப்புலோலியிலே பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்களைச் சதாவதானி என்னும் அடைமொழியுடனேயே இன்றும் குறிப்பிடுகின்றோம். அத்தகைய ஆற்றல் மிகச் சிலருக்கே வாய்ப்பது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ அதற்கு மறுகோடியிலே நிற்பது. ஒரேயொரு பொருளிலேதானும், வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு கருத்தை நிறுத்த இயலாமல் இடர்ப்படும் வளர்ந்தோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் தகுதியுள்ள ஒரு வைத்தியரிடம் சென்று தம் நிலையை முறையாக மதிப்பிட்டு அறிந்துகொள்வது ஏன் நன்று, அம்மதிப்பீடு எவ்வாறு நடைபெறும் என்பவற்றைச் சிறிது விளக்க விரும்புகின்றேன்.

கந்தோர் ஒன்றிலே கடமையாற்றும் முப்பத்தெட்டு வயதுடைய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் அறிவிற் குறைந்தவர் அல்லர்; தீயவரும் அல்லர். ஆயினும், கையிலே பணம் இருந்தும் மின்சாரப் பட்டியலைக் கட்ட மறந்து, இணைப்பைத் துண்டிக்க ஆட்கள் வாயிலில் வந்து நிற்கும்போதே அதனை நினைவுகூர்வார். ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதத் தொடங்குவார், மூன்றாம் வாக்கியத்தில் வேறொரு கோவை கண்ணிற்படும், அதனை எடுப்பார், மாலையில் இரண்டும் முடியாமலே கிடக்கும். மனைவி பேசிக்கொண்டிருக்கையில் அவர் முகம் அங்கிருக்கும், மனம் வேறெங்கோ போயிருக்கும். மற்றவர் பேசி முடிக்குமுன் இடையிலே புகுந்து பேசுவார். பின்னர் அதற்காக வருந்துவார். இத்தகையவர் பழுதடைந்த வானொலிப்பெட்டி ஒன்றைத் திருத்த உட்கார்ந்தாரானால், மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து ஐந்து மணி நேரம் அதிலே மூழ்கிவிடுவார். இதைக் காணும் சுற்றத்தார் என்ன சொல்லுவர்? “மனம் வைத்தால் அவரால் முடியும், மனம் வைக்கிறாரில்லை” என்பர். இரண்டாம் வகுப்பு ஆசிரியர் சொன்ன அத்தீர்ப்பையே தந்தையார் சொன்னார், மேலதிகாரி சொன்னார், மனைவியும் சொன்னாள். முப்பது ஆண்டுகள் கேட்டுக் கேட்டு, இறுதியில் அவரும் தம்மைச் சோம்பேறி என்றே நம்பிவிட்டார்.

இந்தத் தீர்ப்பு சரியானதா என்று எவரும் விசாரித்ததில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அது சரியாயும் இருக்கலாம், பிழையாயும் இருக்கலாம். விசாரிக்கப்படாத தீர்ப்பொன்றை ஆயுள் முழுவதும் சுமப்பதுதான் தகாதது.

இத்தகைய நிலைக்கு வைத்திய நூலார் வழங்கும் பெயர், அவதானக் குறைவு மிகையியக்கக் கோளாறு என்பது. ஆங்கில முதலெழுத்துக்களைக் கூட்டி ஏ.டி.எச்.டி. எனச் சுருக்கியும் வழங்குவர். இஃது இக்காலத்தார் புதிதாகக் கற்பித்ததொன்று என்று சிலர் கருதுவதுண்டு. அது பொருந்தாது. 1798 ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் கிறைற்றன் என்னும் வைத்தியர், ஒரு பொருளிலே நிலைத்து நிற்க மாட்டாத அவதானத்தைத் தம் நூலில் விவரித்துள்ளார். 1902 இல் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் இலண்டன் நகரத்து வைத்தியர் கழகத்திலே ஆற்றிய விரிவுரைகளில், அறிவுக் குறைவில்லாதிருந்தும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி எடுத்துரைத்தார். ஆயினும் நெடுங்காலம் இதனைப் பிள்ளைப் பருவத்துக்கே உரியதென்றும், வளர வளரத் தானே அகன்றுவிடும் என்றும் எண்ணினர். அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலே போல் வெண்டர் என்பார் 1970களில் வளர்ந்தோரையும் ஆராயத் தொடங்கிய பின்னரே அவ்வெண்ணம் மாறலாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் மனநல ஆய்வுத் தொடரிலே, இருபது நாடுகளில் நடத்தப்பெற்ற ஆய்வொன்றின் முடிவு 2017 இல் வெளிவந்தது. அதன்படி வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய மூவரிடம் இந்நிலை காணப்பட்டது.

வயது ஏறும்போது இதன் தோற்றம் மாறுகின்றது. வகுப்பிலே ஓரிடத்தில் இராது ஓடிய சிறுவன், நாற்பது வயதிலே ஓடுவதில்லை. உள்ளத்திலேதான் ஓட்டம் நிகழ்கின்றது. கூட்டத்தில் அமர்ந்திருப்பான், கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். மறதியும், ஒழுங்கின்மையும், காலங்கடத்தலும் அவனோடு நிலைத்துவிடுகின்றன. பெண்களிடத்தே இது மேலும் மறைவாக இருப்பதுண்டு. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்த சிறுமியால் ஆசிரியருக்குத் தொல்லை இல்லை. ஆகவே எவரும் அவளை வைத்தியரிடம் அனுப்பவில்லை. அவள் வளர்ந்து, தொழிலும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் ஒருங்கே தலைமேல் ஏறும்போது, மற்றப் பெண்கள் செய்வதைத் தன்னால் மட்டும் செய்ய முடியவில்லையே என்று ஏங்குகின்றாள். தன் பிள்ளையை இக்குறைக்காக வைத்தியரிடம் அழைத்துச் சென்று, அவர் கேட்கும் கேள்விகளிலே தன் சிறுவயதைக் கண்டு திடுக்கிடும் தாய்மாரும் உளர். இக்கோளாறு பெரும்பாலும் பரம்பரை வழியாக வருவது என்பது இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளால் நன்கு நிறுவப்பட்டுள்ளமையின், இதில் வியப்பில்லை.

இது கவனிக்காது விடத்தக்க சிறு குறையன்று. டென்மார்க் நாட்டிலே ஏறத்தாழ 19 இலட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2015 இல் வெளியிட்ட முடிவின்படி, இக்கோளாறு உடையோரிடையே அகால மரணம் ஏனையோரிலும் இரு மடங்காக இருந்தது. அம்மரணங்களுக்கு முதற் காரணம் விபத்துக்களே. இறந்தோர் தொகை சிறிதே என்பதையும் கூறவேண்டும். ஆகையால் அச்சங்கொள்ளத் தேவையில்லை. எனினும், தெருவிலே வாகனம் செலுத்துகையில் ஒரு கணம் தவறும் கருத்து என்ன செய்யும் என்பதை அறியாதார் இலர். தொழில் நிலையாமை, கடன், குடும்பப் பிணக்கு, குடிப்பழக்கம் என்பனவும் இவர்களைப் பெரிதும் பற்றுவதாக ஆய்வாளர் கூறுவர்.

இவ்வளவும் கேட்ட நேயர் ஒருவர், “எனக்குந்தான் மறதி உண்டு, கைத்தொலைபேசி வந்தபின் ஒரு பக்கமேனும் படிக்க முடியவில்லை. எனக்கும் இக்கோளாறு உண்டோ?” என்று கேட்கக்கூடும். மறதி எல்லோருக்கும் உண்டு. ஆதலினாலன்றோ முறையான மதிப்பீடு வேண்டப்படுகின்றது! அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013 இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கைநூல் வகுத்த விதிகளை, ஐந்து வினாக்களாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது வினா: குறிகள் போதியன உளவா? அவதானக் குறைவுக்கு ஒன்பது குறிகளும், மிகையியக்கத்துக்கும் பதற்றச் செயலுக்கும் ஒன்பது குறிகளும் வகுக்கப்பட்டுள்ளன. பதினேழு வயதுக்கு மேற்பட்டவரிடம் இரண்டில் ஒரு தொகுதியிலாவது ஐந்து குறிகள், ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருத்தல் வேண்டும். இரண்டாவது: அவற்றுட் சில பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றினவா? மூன்றாவது: வீடு, தொழில், நட்பு முதலியவற்றுள் ஓரிடத்தில் மட்டுமன்றி ஈரிடங்களிலேனும் காணப்படுகின்றனவா? நான்காவது: அவற்றால் வாழ்க்கை உண்மையாகவே பாதிக்கப்படுகின்றதா? ஐந்தாவது: வேறொரு நோயோ காரணமோ இவற்றை இன்னும் பொருத்தமாக விளக்குமா?

இரண்டாவது வினாவும் ஐந்தாவது வினாவும் நம் நாட்டிலே, சிறப்பாக வடக்கிலும் கிழக்கிலும், மிகுந்த கனமுடையவை. இப்பொழுது முப்பதும் நாற்பதும் வயதானோர் பலர் போருக்குள்ளே பிறந்து வளர்ந்தவர். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்திலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோது பன்னிரண்டு வயதாயிருந்த பிள்ளைக்கு இன்று நாற்பதைக் கடந்துவிட்டது. 2004 ஆம் ஆண்டின் கடல்கோளையும், 2009 ஆம் ஆண்டு வன்னியில் நிகழ்ந்த இறுதிப் போரையும் சிறுவயதிற் கண்டோர் உளர். பேரச்சத்தைக் கண்ட உள்ளமும் ஒன்றிலே நிலைகொள்ளாது, சிறு ஒலிக்கும் திடுக்கிடும், உறக்கம் கெடும், மறதி மிகும். வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சிகிச்சையோ வேறு வேறு. சிலரிடத்தே இரண்டும் ஒருங்கே இருப்பதும் உண்டு. ஆகவே அந்த இடப்பெயர்வுக்கு முன்னர், அந்த இழப்புக்கு முன்னர், பிள்ளை எவ்வாறு இருந்தது என்னும் கேள்வி இன்றியமையாதது. அதனைப் பிரித்தறிவது பயிற்சி பெற்ற ஒருவரால் ஆகுமேயன்றி, கைத்தொலைபேசியில் வரும் இரண்டு நிமிடக் காட்சியால் ஆகாது.

போர் மட்டுமன்று, தைரொயிட்டுச் சுரப்பியின் கோளாறு, இரத்தச்சோகை, உறக்கத்திலே மூச்சுத் தடைப்படும் நோய், மனச்சோர்வு, பதகளிப்பு, மதுப் பழக்கம் ஆகிய இவையும் அவதானத்தைக் கெடுப்பன. இவற்றை விலக்குதற்கு வைத்தியர் இரத்தப் பரிசோதனை செய்விக்கலாம். ஆனால் ஏ.டி.எச்.டி. உண்டு என்றோ இல்லை என்றோ நிச்சயிக்கத்தக்க இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இன்றுவரை வைத்திய நடைமுறையில் இல்லை. ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பொறுமையோடு கேட்டறிவதே இங்குப் பரிசோதனையாகின்றது.

இனி, யாரிடம் செல்வது? மனநல வைத்திய நிபுணரிடம் செல்லுதலே முறை. இதைச் சொன்னவுடன் நம்மவர் மனத்திலே எழும் சொல் எதுவென்று எனக்குத் தெரியும். அங்கொடை என்னும் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக வழங்கிப் பழகிய நாடு இது. பாடசாலையிலே பிள்ளைகள் ஒருவரையொருவர் பரிகசிக்க அதனையே எடுத்தாள்வர். அவ்வூரிலுள்ள பெரிய வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம் என்னும் பெயருடன் இயங்குகின்றது. 2005 ஆம் ஆண்டின் மனநலக் கொள்கையானது, சேவைகளை ஓரிடத்தில் ஒடுக்காது மாவட்டந்தோறும் பரப்புவதை நோக்கமாகக் கொண்டது. ஆகவே, போதனா வைத்தியசாலைகளிலும் மாவட்டங்களிலுள்ள பெரிய அரசாங்க வைத்தியசாலைகளிலும் மனநலச் சிகிச்சை நிலையங்கள் நடைபெறுகின்றன. அங்கே வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. எங்குச் செல்வதென்று அறியாதவர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைத்து விசாரிக்கலாம். வசதியுள்ளோர், ‘சனலிங்’ என்று நாம் வழங்கும் தனியார் முறையிலும் நிபுணரைக் காணலாம். அவ்வாறாயின், வளர்ந்தோரின் அவதானக் குறைபாட்டை மதிப்பிடும் பழக்கம் அவருக்கு உண்டோ என்று முன்னரே கேட்டறிந்துகொள்வது காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும். அவ்வாறு கேட்பதில் அவமரியாதை எதுவுமில்லை.

செல்லுமுன் சில ஆயத்தங்கள் வேண்டும். பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகள் கிடைத்தால் எடுத்துச் செல்லுங்கள். புள்ளிகளிலும் பார்க்க, வகுப்பாசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்பே பயன்படும். “கெட்டிக்காரன், ஆனால் கவனமில்லை” என்னும் ஒரு வரி வைத்தியருக்குப் பல செய்திகளைச் சொல்லும். இடப்பெயர்வுகளில் அவற்றை இழந்தவர் கவலையுற வேண்டியதில்லை. உங்களைச் சிறுவயதில் அறிந்த அம்மாவையோ, அக்காவையோ, சின்னம்மாவையோ அழைத்துச் செல்லலாம். வர இயலாதவரெனின் அவர் நினைவுகளைக் கேட்டு எழுதிச் செல்லலாம். இப்பொழுது உடன் வாழும் கணவரோ மனைவியோ கூறுவதும் வேண்டும். தம்மைத் தாம் காண்பது ஒன்று, பிறர் காண்பது மற்றொன்று. பின்னர் ஒரு தாளிலே, பொதுவாக “எனக்கு மறதி” என்று எழுதாது, சென்ற மாதத்தில் நிகழ்ந்த பத்து நிகழ்ச்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டணம் தவறியது, எந்தக் கூட்டத்துக்குப் பிந்தினீர்கள், எந்தப் பொருள் தொலைந்தது, அதனால் விளைந்தது என்ன என்பவற்றை எழுதுங்கள். உட்கொள்ளும் மருந்துகளையும், பழைய நோய்களையும், உறங்கும் நேரத்தையும் சேர்த்தெழுதுங்கள். இத்தாளை மறவாமல் எடுத்துச் செல்வதே இவர்களுக்குப் பெருங்கடினமாதலால், இன்னொருவர் கையிலே கொடுத்து வைப்பது உத்தமம்.

வைத்தியர் வினாப்பத்திரம் ஒன்றைத் தரக்கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் ஆக்கப்பெற்று 2005 இல் வெளிவந்த பதினெட்டு வினாக்கள் கொண்ட பத்திரம் பரவலாக வழங்குகின்றது. அதில் ஆறு வினாக்கள் மட்டும் முதற்சல்லடையாக உதவும். சல்லடையிலே தங்கியதெல்லாம் மணியன்று. அளவுப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கூறலாகாது என்று பிரித்தானியாவிலே 2018 இல் வெளியான வழிகாட்டி திட்டமாகக் கூறுகின்றது. நெதர்லாந்திலே உருவான நேர்காணல் முறையொன்றில், ஒவ்வொரு குறியைப் பற்றியும் இப்போதைய வாழ்விலிருந்து ஓர் உதாரணமும், பிள்ளைப் பருவத்திலிருந்து ஓர் உதாரணமும் கேட்பர். இவ்வாறு ஆற அமரக் கேட்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் செல்லலாம். கூட்டம் மிகுந்த நமது வைத்தியசாலைகளில் அது ஒரு நாளில் முடியாது. இரண்டு மூன்று முறை போக நேரிடும். முதல் நாளிலே பதில் கிடைக்கவில்லை என்று மனஞ்சலித்துத் திரும்பிவிடாதீர்கள்.

செய்யலாகாதது ஒன்று உண்டு. பிறருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கி உட்கொண்டு, “எனக்கும் மனம் ஒருமுகப்பட்டது, ஆகவே எனக்கும் அந்நோய்” என்று முடிவு செய்வது தவறு. இந்நோய் இல்லாதாரிடமும் அம்மருந்து விழிப்பை உண்டாக்கும். இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறக்கூடுமாதலால், இருதய நோய் உண்டோ என்று அறிந்த பின்னரே வைத்தியர் அதனைக் கொடுப்பார்.

மதிப்பீட்டின் முடிவு “ஆம்” என்று வரலாம். அப்பொழுது மெதைல்பெனிடேற்று முதலிய மருந்துகளும், அவற்றை ஏற்காதவருக்கு வேறு மருந்துகளும் உள்ளன. மருந்தோடு, நாளை ஒழுங்குபடுத்தவும் பெரிய வேலையைச் சிறு கூறுகளாக்கவும் பழக்கும் உளவியற் பயிற்சியும் உதவும். கண் பார்வை குறைந்தவர் கண்ணாடி அணிந்த பின்னரும் படிக்கவேண்டியவர் அவரே. அதுபோல, மருந்து வந்தபின்னும் வேலை செய்யவேண்டியவர் நாமே. பொறுப்பு நீங்குவதில்லை; வீண்பழி நீங்குகின்றது. பலருக்கு இதுவே முதல் மருந்தாகின்றது. அதனுடன் ஒரு துயரும் வரக்கூடும். இருபது வயதிலே தெரிந்திருந்தால் எத்தனை இழப்பைத் தவிர்த்திருக்கலாம் என்று நெஞ்சம் நோகும். அந்நோவும் இயல்பானதே.

முடிவு “இல்லை” என்றும் வரலாம். அப்பொழுது சென்றது வீண் என்று எண்ணவேண்டாம். தைரொயிட்டு நோய் அகப்படலாம். பல ஆண்டாக மூடிக்கிடந்த மனச்சோர்வு வெளிப்படலாம். போரின் வடு இதுவெனத் தெரியலாம். அவை ஒவ்வொன்றுக்கும் உரிய சிகிச்சை உண்டு. இரு விடைகளும் பயனுடையனவே. விடை தேடாதிருத்தலே பயனற்றது.

இறுதியாக, இத்தகையவரோடு வாழும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. “டொக்டரிடம் போய்ப் பார்” என்பதைக் கோபத்திலே சொன்னால் அது வசையாகிவிடும். போகக் கருதியவரும் போகாது நின்றுவிடுவார். “நானும் கூட வருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். நாளைக் குறித்து வைத்து, காலையிலே நினைவூட்டி, வைத்தியசாலை வாங்கிலே அவர் பக்கத்தில் அமர்ந்திருங்கள். அவர் சிறுவயதிலே எப்படியிருந்தார் என்று வைத்தியர் கேட்கும்போது, பழைய குற்றப்பத்திரத்தை விரிக்காமல், கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். முப்பது ஆண்டுகளாக விசாரணையின்றி நின்ற தீர்ப்பொன்று அன்றைக்குத்தான் முதன்முறையாக விசாரணைக்கு வருகின்றது. அதற்கு உண்மையான சாட்சி வேண்டும்.